டப்ளின் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கு: புது நாடகத்துக்கு ஒரு சின்ன அரங்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்கள் 63 பேருக்கும் வணக்கம்.

நான் டப்ளின் 8-இல், லிபர்ட்டீஸ் பகுதியில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழன். அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை, இங்கே வசித்தால் போதும். அந்த உரிமையை வைத்து 2024 ஜூனில் உங்களைத் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவன். இந்த ஊரில் என்னைப் போல வசிக்கும் தமிழர்களும் இதைப் படிக்க வேண்டும், சரி என்று பட்டால் தங்கள் வட்டார உறுப்பினரிடம் பேச வேண்டும் என்று விரும்புவதால் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் படி ஒன்று உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வந்து சேரும்.

நான் கேட்பது ஒன்றுதான். மாநகரத்தின் 2022–2028 வளர்ச்சித் திட்டத்தில் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறீர்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டும் பெரிய திட்டங்கள், குறைந்தது 5 விழுக்காடு இடத்தைச் சமூகத்துக்கும் கலைக்கும் பண்பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும் என்கிற விதி. அதற்கு உங்களுக்கு நன்றி. அப்படி ஒதுக்கப்படும் இடங்களில் சிலவற்றையாவது அறுபதிலிருந்து நூறு பேர் வரை உட்காரக்கூடிய சிறு நாடக அரங்கங்களாகக் கட்டச் சொல்லுங்கள். இந்த ஊரில் புது நாடகம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். குறைவது அவர்கள் மூவரும் சந்திக்கும் அறை.

எதனால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு, அண்மையில் பார்த்த ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முன்னோட்டக் காட்சி. முறையான அரங்கேற்றத்துக்கு முன்னால், குறைந்த கட்டணத்தில் பார்வையாளர்களை வைத்து நடத்திப் பார்ப்பது. அந்த நாட்களில் விமர்சகர்கள் எழுத மாட்டார்கள், நாடகம் இன்னும் மாறிக்கொண்டிருக்கும். அந்த மரபை மதித்து நாடகத்தின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் நானும் இங்கே சொல்லவில்லை. நகரத்தின் நடுவில், ஒரு மதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அரங்கம். படி ஏறிப் போனால் ஒரு மேசை, அதன் பின்னால் டிக்கெட் கிழிக்கும் பெண், அவ்வளவுதான் வரவேற்பறை. உள்ளே அறுபது இருக்கைகள்கூட இருக்காது. முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் காலை மடக்கி வைத்துக்கொண்டார்கள். நீட்டினால் மேடைக்குள் போய்விடும்.

கதை எளிமையானது. முப்பது வயதைத் தாண்டிய மகன் வாடகை கட்ட முடியாமல் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்து, சின்ன வயதில் படுத்த அறையில் குடியேறுகிறான். மேடையில் ஒரு சிறுவர் கட்டில். அவன் படுத்தால் பாதம் வெளியே தொங்குகிறது. அம்மா கதவைத் தட்டாமல் துவைத்த துணியோடு உள்ளே வந்து, மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போகிறாள். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். இரண்டாம் தடவையும் சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை அவள் வரும்போது அவன் அறையில் இல்லை. அவள் ஒரு சட்டையை எடுத்து மடிக்கப் போனவள், நிறுத்திவிட்டுக் காலரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். ஒரு மூச்சு. சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ஒரு மூச்சு. அப்புறம் வழக்கம் போல மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். வசனம் ஒன்றுமே இல்லை. மகன் வந்து சேர்ந்ததில் அவளுக்கு இருக்கிற சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தை அவனிடம் காட்டக் கூடாது என்கிற வெட்கம், இரண்டும் அந்த இரண்டு மூச்சில் வந்துவிட்டன. மூன்றாம் வரிசையில் இருந்த எனக்கு அந்த நடிகையின் மூக்கு விடைப்பது தெரிந்தது. இரண்டாயிரம் இருக்கை கொண்ட அரங்கத்தின் பால்கனியில் இருந்தால் ஓர் அம்மா துணி மடிக்கிறாள் என்று மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கடையிலிருந்து பாட்டுச் சத்தம் சுவர் வழியாக இடித்தது. வார்த்தை கேட்கவில்லை, வெறும் அதிர்வு. நடிகை அசையாமல் நின்று அது அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அடுத்த துணியை எடுத்தார். அவருடைய திறமையால் காட்சி பிழைத்தது. ஆனால் அந்த அரங்கத்தில் தினமும் அப்படித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

இடைவேளை இல்லாமல் ஒன்றரை மணி நேரத்துக்குள் நாடகம் முடிந்தது. விளக்கு வந்ததும் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி, முன்பின் தெரியாத என்னிடம் திரும்பி, "என் மகனுக்கு முப்பத்தாறு. பின்கட்டு அறையில் இருக்கிறான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கடைசி வரிசையின் மூலையில் ஒருவர் மடியில் காகிதக் கட்டை வைத்து எதையோ அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார். அவர்தான் எழுதியவர் என்று பிறகு தெரிந்தது. எந்த இடத்தில் நாங்கள் சிரித்தோம், எங்கே இருமினோம், எங்கே நாற்காலி கிறீச்சிட்டது என்று அவர் குறித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காட்சியில் அந்தப் பக்கங்கள் மாறியிருக்கும். ஒரு நாடகத்தைத் தனியாக மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட முடியாது. கடைசிப் பகுதி இப்படி ஆட்கள் முன்னால்தான் எழுதப்படுகிறது. அதற்கு ஐந்நூறு பேர் வேண்டியதில்லை, ஐம்பது பேர் போதும். ஆனால் அந்த ஐம்பது பேர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஊரின் நாடக வரலாற்றை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இருந்தாலும் அதில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக் காட்ட விரும்புகிறேன். ஒவ்வொரு முறையும் நாடகத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் ஓர் இடத்தைக் கொடுத்திருக்கிறார்.

1904 டிசம்பர் 27-இல், இன்று நாட்டின் தேசிய அரங்கமாக இருக்கும் அபே தியேட்டர் திறந்தபோது கவிஞர் யேட்ஸும் நாடக ஆசிரியர் லேடி கிரெகரியும் நாடகங்களைக் கொண்டு வந்தார்கள். கட்டடம் அவர்களுடையது அல்ல. ஆன்னி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தன் பணத்தைப் போட்டு, தொழிலாளர் கல்வி நிலையமாக (மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்) இருந்த கட்டடம் ஒன்றையும் அதை ஒட்டியிருந்த பழைய நகரப் பிணவறையையும் சேர்த்து அரங்கமாக்கிக் கொடுத்தார். 1927-இல் அதே அபேயோடு சேர்ந்து பீகாக் என்ற 102 இருக்கை அரங்கம் வந்தது. அடுத்த ஆண்டே ஹில்டன் எட்வர்ட்ஸும் மிஹால் மக்லியமோரும் தங்கள் கேட் தியேட்டரை அந்தச் சின்ன இடத்தில்தான் தொடங்கினார்கள். இன்று பார்னெல் சதுக்கத்தில் இருக்கும் கேட், பிறந்தது பீகாக்கில். தீ விபத்துக்குப் பிறகு புதிதாகக் கட்டப்பட்ட அபேயின் கீழ்த்தளத்தில் இருக்கும் இப்போதைய பீகாக்கும் அப்படித்தான். ஃபிராங்க் மெக்கின்னஸ் முதல் உலகப் போரில் செத்த, தீவின் வடக்கே உள்ள அல்ஸ்டர் பகுதி இளைஞர்களைப் பற்றி எழுதிய நாடகம் 1985-இல் முதலில் ஏறியது அங்கேதான். மரீனா கார் நாட்டின் முக்கியமான நாடக ஆசிரியராகத் தெரிய வந்ததும் 1994-இல் அந்த மேடையில்தான்.

பைக் தியேட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1953-இல் ஆலன் சிம்ப்சனும் அவர் மனைவி கரோலின் ஸ்விஃப்டும் ஹெர்பர்ட் லேனில் இருந்த ஒரு பழைய குதிரைவண்டிக் கொட்டகையை அரங்கமாக மாற்றினார்கள். இருக்கைகள் 55. அபே ஏற்க மறுத்த பிரெண்டன் பீஹனின் முதல் பெரிய நாடகம், தூக்குத் தண்டனைக்கு முந்தைய இரவில் ஒரு சிறைச்சாலையைக் காட்டும் 'த குவேர் ஃபெல்லோ', 1954 நவம்பரில் அந்தக் கொட்டகையில் அரங்கேறியது. மறு ஆண்டு அக்டோபரில் பெக்கெட்டின் 'வெயிட்டிங் ஃபார் கோடோ' அயர்லாந்தில் முதன்முதலாக நடந்ததும் அங்கேதான். உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்களில் இன்று படிக்கப்படும் இரண்டு நாடகங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த ஊருக்குக் கொடுத்தது 55 நாற்காலிகள். 1957-இல் அங்கே போட்ட 'ரோஸ் டாட்டூ' நாடகத்தை ஆபாசம் என்று சொல்லிப் போலீஸ் சிம்ப்சனைக் கைது செய்தது. மறு ஆண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால் வழக்குச் செலவும் அலைச்சலும் ஏற்படுத்திய அடியிலிருந்து அந்தச் சிறிய அரங்கம் எழவில்லை. சிறு அரங்கங்கள் அவ்வளவு எளிதாக உடைபவை. ஒரு வழக்கு போதும், ஒரு வாடகை உயர்வு போதும்.

டப்ளினை விட்டு வெளியே பார்த்தாலும் இதேதான். கால்வேயில் கேரி ஹைன்ஸ், மிக் லாலி, மேரி முல்லன் மூவரும் 1975-இல் தொடங்கிய ட்ரூயிட் குழு, 1979-இல் ஒரு பழைய கிடங்கைச் சின்ன அரங்கமாக மாற்றிக்கொண்டு அதில் வளர்ந்தது. 1996-இல் கால்வே மாநகராட்சி தன் டவுன் ஹாலைப் புதுப்பித்து நாடக அரங்கமாகத் திறந்தபோது, ட்ரூயிட் அங்கே மார்ட்டின் மெக்டோனா என்ற அறிமுகமில்லாத இளைஞரின் முதல் நாடகத்தைப் போட்டது. இரண்டே ஆண்டில் அது நியூயார்க்கில், அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை நான்கு பிரிவுகளில் வாங்கியது. நாடக இயக்கத்துக்கான டோனியை வாங்கிய முதல் பெண் கேரி ஹைன்ஸ். அந்த அரங்கத்தைத் திறந்தது உங்களைப் போன்ற ஓர் உள்ளாட்சி அமைப்பு என்பதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதே 1996-இல் கார்க் நகரின் ட்ரிஸ்கெல் கலை மையத்தில் எண்டா வால்ஷ் எழுதிய இரண்டு பேர் நாடகம் ஒன்றில் ஒரு மாணவன் முதல் தடவையாகத் தொழில்முறை மேடையேறினான். அவன்தான் 2024-இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிய கிலியன் மர்ஃபி.

இப்போது நம் ஊருக்கு வருவோம். டியர்ட்ரே ஓ'கானல் 1960-களில் உருவாக்கிய ஃபோகஸ் தியேட்டர், நடிப்பை ஒரு படிப்பாகச் சொல்லிக் கொடுத்த இடம், கேப்ரியல் பர்ன் போன்றவர்கள் கற்றுக்கொண்ட இடம், 2012-இல் மூடப்பட்டது. ஆண்ட்ரூஸ் லேன் தியேட்டர் 2007-இல் போனது. என் தெருவுக்குப் பக்கத்தில், ஃபிரான்சிஸ் ஸ்ட்ரீட்டில் இருந்த டிவோலி தியேட்டர் 2019-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. இப்போது அந்த இடத்தில் விடுதி. மதிய நேரத்தில் ஒரு கிண்ணம் சூப்போடு புது நாடகம் காட்டிய, ஈடன் கீ மதுக்கடை மாடியில் இருந்த அரங்கமும் இல்லை. இருப்பவற்றை நான் மறக்கவில்லை. டெம்பிள் பாரில் புராஜெக்ட் மையத்தின் சின்ன அறை இருக்கிறது. 1662-இல் தொடங்கி, தேவாலயமாகி, 2012-இல் மறுபடி நாடகத்துக்குத் திரும்பிய ஸ்மாக் ஆலி இருக்கிறது. கிராஃப்டன் ஸ்ட்ரீட்டில் பியூலிஸ் காபிக் கடை மாடியில் மதிய நாடகம் நடக்கிறது. ஆனால் 1988-இல் தொடங்கி, புது நாடகங்களுக்காகவே இயங்கும் ஃபிஷாம்பிள் போன்ற குழுவும், நேற்று கல்லூரி முடித்த நான்கு பேரும், புது முயற்சிகளுக்கான ஃபிரிஞ்ச் நாடக விழாவுக்கு வரும் அத்தனை பேரும் இந்தச் சில அறைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஏன் பெரிய அரங்கத்துக்குப் போகக் கூடாது என்று கேட்கலாம். கேட் தியேட்டரில் முந்நூற்று எழுபது இருக்கைக்கு மேல். கிராண்ட் கெனால் துறையில் இருக்கும் பெரிய அரங்கத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். பெயர் தெரியாத ஒருவரின் முதல் நாடகத்துக்கு அவற்றை நிரப்ப முடியாது, நிரப்பாமல் வாடகை கட்டவும் முடியாது. அறுபது இருக்கையில் நாற்பது நிறைந்தால் அது நல்ல இரவு. அதே நாற்பது பேர் பெரிய மண்டபத்தில் சிதறி உட்கார்ந்தால் சிரிப்புகூட ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேராது.

நாடு எழுதுகிறவர்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. 2022-இல் கலைஞர்களுக்கான அடிப்படை வருமானத் திட்டத்தில் 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ கொடுத்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த திட்டம் அது. கலை மன்றமும் நாடகக் குழுக்களுக்கு நிதி தருகிறது. ஆக, எழுத நேரமும் தயாரிக்கப் பணமும் நாட்டின் அரசாங்கத்திடமிருந்து வருகின்றன. நிலமும் கட்டட அனுமதியும் உங்கள் மாநகராட்சியின் கையில் இருக்கின்றன. எழுதி முடித்த நாடகத்தை எந்த அறையில் போடுவது என்ற கேள்விக்கு டப்ளினில் பதில் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.

உங்களில் சிலர் மனதில் எழும் கேள்வி எனக்குப் புரிகிறது. வீடு கிடைக்காமல் மக்கள் தவிக்கும் ஊரில் நாடக அரங்கமா? நியாயமான கேள்வி. நானும் இதே ஊரில் வாடகை கட்டுகிறவன், மாத முதல் வாரம் எனக்கும் கடினம்தான். ஆனால் நான் ஒரு வீட்டைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. 5 விழுக்காடு ஏற்கனவே உங்கள் திட்டத்தில் எழுதியிருப்பது. கட்டப்படத்தான் போகிறது. அது என்னவாகக் கட்டப்படும் என்பதுதான் கேள்வி. தரைத்தளத்தில் கண்ணாடிச் சுவரோடு, எதற்கும் பயன்படும் என்ற பெயரில் எதற்கும் பயன்படாத கூடமாகக் கட்டினால் சில மாதம் பூட்டிக் கிடந்து, யாரும் கேட்கவில்லை என்று சொல்லி வேறு எதற்காவது மாற்ற மனுப் போடுவார்கள். அப்புறம், வீட்டுப் பிரச்சினையைப் பற்றி இந்த ஊர் தன்னோடு தானே பேசிக்கொள்ள வேண்டாமா? நான் பார்த்த நாடகம் அதைத்தான் செய்தது. என் பக்கத்தில் இருந்த பெண்மணி தன் மகனைப் பற்றி வேறு எந்த இடத்தில், யாரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்?

10,000 சதுர மீட்டரில் 5 விழுக்காடு என்றால் 500 சதுர மீட்டர். எழுபது இருக்கை அரங்கம், சின்ன வரவேற்பறை, கழிப்பறையோடு ஒரு ஒப்பனை அறை, ஓர் ஒத்திகை இடம், எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் நாடக அரங்கத்துக்கு என்று சில தேவைகள் உண்டு. ஜன்னல் வேண்டாம், முழு இருட்டு வேண்டும். விளக்குக் கம்பிகள் தொங்கவிட உயரமான கூரை வேண்டும், இரண்டு மாடி உயரம் இருந்தால் நல்லது. மேலே உடற்பயிற்சிக் கூடமோ பக்கத்தில் மதுக்கடையோ வந்தால் அதிர்வு உள்ளே வராத தரையும் சுவரும் வேண்டும். தெருவிலிருந்து கட்டிலையும் கதவையும் நேராக உள்ளே கொண்டு வர அகலமான வாசல் வேண்டும். நான் பார்த்த நாடகத்தின் கட்டில் எப்படி அந்த ஒடுங்கிய படிக்கட்டில் ஏறியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதையெல்லாம் கட்டி முடித்த பிறகு சேர்க்க முடியாது. அனுமதி மனு வரும்போதே, வரைபடம் மாறக்கூடிய கட்டத்திலேயே, மேடை நிர்வாகிகளையும் ஒளியமைப்பாளர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். நாடகத்தில் வேலை செய்கிறவர்கள் இந்த ஊரில் ஏராளம், கூப்பிட்டால் வருவார்கள்.

வாடகையை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டி முடிந்த இடத்தை மாநகராட்சி எடுத்துக்கொண்டு, ஒரு நாடகக் குழுவுக்கோ பல குழுக்கள் சேர்ந்த அறக்கட்டளைக்கோ இருபது ஆண்டு குத்தகைக்குக் குறைந்த வாடகையில் விடுங்கள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் யாரும் விளக்குகள் வாங்க மாட்டார்கள். இருக்கும் அரங்கம் ஒன்றை இடிக்க மனு வந்தால், அதற்கு ஈடான அரங்கம் அதே வட்டாரத்தில் திறந்த பிறகே இடிக்கலாம் என்று நிபந்தனை போடுங்கள். இருக்கும் அரங்கத்துக்குப் பக்கத்தில் புதிதாக வரும் கடையோ விடுதியோ தன் சத்தத்தைத் தானே தடுக்க வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள். இங்கிலாந்தின் திட்டமிடல் கொள்கையில் 2018 முதல் இதே பாணியில் ஒரு விதி இருக்கிறது. பிறகு வந்தவர்தான் பொறுப்பு என்பது அதன் சாரம். இங்கேயும் அது வேண்டும்.

இப்போதைய திட்டம் 2028-இல் முடிகிறது. அடுத்த திட்டத்தின் வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது நான் இதே கோரிக்கையை முறைப்படி அனுப்புவேன். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதே மாநகராட்சிக்கு வரும் பெரிய கட்டட மனுக்களில், கலை இடம் என்று எழுதியிருக்கும் கட்டத்தைப் பார்த்து, "இதில் நாடகம் போட முடியுமா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

டப்ளினில் வசிக்கும் தமிழ் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வட்டார உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரி மாநகர மன்றத்தின் இணையதளத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு உடன்பட்டால் இரண்டு வரி எழுதுங்கள், ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். முன்னோட்டக் காட்சிகளுக்கு டிக்கெட் விலை குறைவு. புது நாடகம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். வசனத்தில் எல்லாச் சொல்லும் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, அவ்வளவு பக்கத்தில் முகங்களே பாதியைச் சொல்லிவிடும்.

உறுப்பினர்களே, உங்களில் யாராவது வர விரும்பினால் டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். திங்கட்கிழமை பெரும்பாலான அரங்கங்களுக்கு விடுமுறை, மற்ற நாட்களில் உங்கள் கூட்டம் இல்லாத மாலை எதுவானாலும் சரி.

இப்படிக்கு,
டப்ளின் 8-இல் வசிக்கும் ஒரு வாக்காளர்